சிதியர் செய்த பொன் மான்

அன்புள்ள யாழினி,

நீ அனுப்பிய குதிரைப் படங்கள் வந்து சேர்ந்தன. கால் சரியாக வரவில்லை என்று அழித்து அழித்து ஒரு தாளையே கிழித்திருக்கிறாய். கால் எப்படி மடங்கும் என்பதைத் தினமும் பார்த்து வாழ்ந்தும், பார்த்தபடியே செய்யாமல் விட்ட சில கைவினைஞர்களைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டுப் பிறகு பென்சிலை எடு.

கருங்கடலுக்கு வடக்கே விரிந்த புல்வெளியில், ஏறத்தாழ கி.மு. 7 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்கள் சிதியர். குதிரை மீதிருந்து அம்பு எய்வதில் தேர்ந்தவர்கள். எழுத்து வைத்துக்கொள்ளவில்லை. கிரேக்கரான ஹெரோடோட்டஸ் தம் வரலாற்று நூலின் நான்காம் பகுதியில் அவர்களைப் பற்றி நிறையச் சொல்கிறார். அவர்களே விட்டுப்போனதெல்லாம் புல்வெளியில் எழுப்பிய கல்லறை மேடுகளுக்குள் இருந்தது.

அப்படி ஒரு மேடு, குபான் பகுதியில் கோஸ்த்ரோம்ஸ்கயா என்ற ஊரருகே 1897இல் தோண்டப்பட்டது. அதில் கிடைத்த பொன் மான் இன்று பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் 30 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கேடயத்தையோ அம்பறாத்தூணியையோ அலங்கரித்திருக்கலாம். படம் கிடைத்தால் நிதானமாகப் பார். கழுத்து முன்னே நீள்கிறது. கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கி, குளம்பின் மேல் குளம்பாகக் கிடக்கின்றன. கொம்பு மேலே நிமிரவில்லை. அலையலையாகச் சுருண்டு முதுகு முழுக்க ஓடி வால் வரை போகிறது. உண்மையான கலைமானுக்கு அப்படிக் கொம்பு கிடையாது. உடம்பில் ரோமம் ஒன்றுகூட இல்லை. வழவழப்பான சரிவுகள் கூர்மையான விளிம்பில் சந்திக்கின்றன. ஒளி பட்டால் ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் இருளும். மரத்தையும் எலும்பையும் கத்தியால் செதுக்கிப் பழகிய மரபு பொன்னுக்கு வந்தபோது இந்தச் சரிவுகளையும் கொண்டுவந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

இந்த மான் படுத்திருக்கிறதா, பாய்கிறதா, பலிக்குக் கட்டப்பட்டதா? வாதம் இன்னும் ஓயவில்லை. மடங்கிய கால் ஓய்வைச் சொல்கிறது, நீண்ட கழுத்து ஓட்டத்தைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே உடம்பில் வைத்தவர் தெரிந்தேதான் வைத்தார் என்பது என் எண்ணம்.

இன்னொன்றைக் கவனி. அலைந்து திரிகிறவர்களுக்குச் சுவரும் இல்லை, தூணும் இல்லை. வாள்பிடி, கடிவாளம், இடைவார், அம்பறாத்தூணி என்று குதிரையோடும் உடம்போடும் போகிற பொருள்களில்தான் கலை இடம் பிடிக்க வேண்டும். துண்டு இடம், அதற்குள் விலங்கு மடங்கியே ஆகவேண்டும். அதே குபான் பகுதியில் கெலர்மெஸ் மேட்டில் கிடைத்த பொன் சிறுத்தையைப் பார்த்தால் இது புரியும். அதன் ஒவ்வொரு பாதத்திலும் ஒரு குட்டிச் சிறுத்தை வட்டமாகச் சுருண்டிருக்கிறது; வால் நெடுகவும் அதே உருவம் வரிசையாக வருகிறது. வேறு பல அணிகளில் மான் கொம்பின் நுனிகள் பருந்துத் தலைகளாக முடிகின்றன. வெற்றிடத்தை நிரப்ப அவர்கள் பூவையும் கொடியையும் தேடவில்லை. இன்னொரு விலங்கையே வைத்தார்கள். அதிலும் வீட்டுப் பசுவை அரிதாகத்தான் காணலாம். மான், பூனையினம், வேட்டைப் பறவை, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

கிழக்கே வெகு தொலைவில், அல்தாய் மலையிலும் இதே கலை இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் சிதியருக்கு நெருங்கிய பண்பாட்டினர். அங்குள்ள பசிரிக் கல்லறைகளுக்குள் தண்ணீர் கசிந்து உறைந்தது. மேலே குவித்த கற்கள் பனியை உருகவிடவில்லை. அதனால் மரம், தோல், கம்பளி மட்டுமல்ல, மனிதத் தோலும் அழியாமல் கிடைத்தது. ஒரு தலைவனின் கையிலும் காலிலும் பச்சை குத்திய விலங்குகள், பின்னுடல் மேல்நோக்கி முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று துரத்துகின்றன. அங்கே முதல் மேட்டில் புதைக்கப்பட்ட பத்துக் குதிரைகளில் ஒன்றின் முகத்துக்கு மான் கொம்பு வைத்த முகமூடி மாட்டியிருந்தார்கள். குதிரை மானாகிவிட்டது. ஏன் என்று அவர்கள் எழுதிவைக்கவில்லை.

மறுபடி மேற்கே வருவோம். 1971இல் உக்ரைனில் தோல்ஸ்தயா மோகிலா மேட்டிலிருந்து, தொல்லியலாளரும் கவிஞருமான போரிஸ் மொசொலெவ்ஸ்கி ஒரு பொன் மார்பணி எடுத்தார். எடை ஒரு கிலோவுக்கு மேல், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. கிரேக்கக் கைவண்ணம் என்கிறார்கள். அதில் குதிரையைக் கிழிக்கும் பறவைச் சிங்கங்கள் உயிரோடு இருப்பதுபோல இருக்கும். ஆட்டுத்தோல் சட்டையைச் சரிசெய்யும் இரண்டு சிதியர்கூட உண்டு. உலகமே வியக்கும் வேலை. ஆனாலும் எனக்குக் கோஸ்த்ரோம்ஸ்கயா மான்தான் உயர்ந்தது. கிரேக்கர் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொன்னார். மானைச் செய்தவர் எதை விடுவது என்று அறிந்திருந்தார்.

அடுத்த கடிதத்துக்கு முன் ஒரு வேலை செய். பத்து ரூபாய் நாணயத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு, உங்கள் தெருப் பூனையை அந்த வட்டத்துக்குள் அடக்கு. காது, வால், நகம் மூன்றும் தெரியவேண்டும். அழிரப்பரைத் தொடாதே.

அன்புடன்,
சித்தப்பா