சிக்னலில் நிற்கும் முன் கியர் குறைப்பது எப்படி?

ஆர்.டி.ஓ. மைதானத்தில் 8 போடும்போது பெரும்பாலும் முதல் இரண்டு கியரே போதும். புது பைக்கில் சிக்னலை நெருங்கும்போதுதான் தடுமாற்றம். நான்காவது கியரிலேயே கிளட்சைப் பிடித்தபடி உருண்டு வந்து நின்றுவிடுவோம். பச்சை விழும், நின்ற வண்டியில் கியர் லேசில் இறங்காது. பின்னால பஸ் ஹாரன் வேற!

முதலில் ஆக்ஸிலேட்டரை விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிங்க. வேகம் குறையக் குறைய, கிளட்ச் பிடித்து ஒரே ஒரு கியர் இறக்கி, கிளட்சை மெதுவா விடுங்க. வண்டி குலுங்கினா, அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம். இரண்டாவது கியர் வரை இப்படியே. முதல் கியர், ஏறக்குறைய நிற்கும்போது மட்டும்தான். வேகத்தில் அதைப் போட்டு கிளட்சைச் சட்டென விட்டால் பின்சக்கரம் வழுக்கிவிடும். மழையில் கேட்கவே வேண்டாம்.

நின்றபிறகு கியர் மாட்டிக்கிட்டா, மிதித்து உடைக்காதீங்க. கிளட்சைப் பிடித்தபடி வண்டியை லேசா முன்னும் பின்னும் அசைத்தால் இறங்கிவிடும்.