ரசிகன் போட்ட ஆர்டர்

நாற்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன், இன்னொருவர் கடைக்குள் வாடிக்கையாளராக நுழைவது அபூர்வம். எனக்கு அந்த வாய்ப்பு 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கோவையில் மகள் வீட்டில் இருந்தேன். பிற்பகல் 2 மணிக்கு ஆமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்.

"மாமா, ஆட்டம் தொடங்குறதுக்குள்ள சாமான் வாங்கிட்டு வந்துடலாம்" என்று மாப்பிள்ளை ஒரு பெரிய தள்ளுபடிக் கடைக்கு அழைத்துப் போனார்.

வாசலிலேயே சர்க்கரை, எண்ணெய், துவரம் பருப்பு, சோப்புத்தூள். சர்க்கரை நம் அடக்க விலையை விடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு. மனசு கொஞ்சம் ஆடித்தான் போனது. ஆனால் உள்ளே போகப் போகத்தான் விஷயம் புரிந்தது. ஏலக்காய் ஏலம் கூறும் ஊர்க்காரன் இல்லையா, கை தானாக அந்தப் பாக்கெட்டை எடுத்தது. நம்மூரில் காயைச் சலித்து மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கிறோம், 8 மி.மீ. காய்க்கு ஒரு விலை, 6 மி.மீ. காய்க்கு ஒரு விலை. அந்தப் பாக்கெட்டில் இருந்தது பொடிக்காய். விலையோ, நாம் பருவட்டுக் காய்க்கு வாங்குகிற விலை. பிளாஸ்டிக் டப்பா, துடைப்பம், பாத்திரம் எல்லாம் நம் கடைவீதி விலைதான்.

சர்க்கரை, எண்ணெய் விலை ஒவ்வொரு வீட்டு அம்மாவுக்கும் மனப்பாடம். ஏலக்காய் விலை யாருக்கும் தெரியாது. தெரிந்த பொருளில் விட்டுக்கொடுத்து, தெரியாத பொருளில் எடுத்துக் கொள்கிறார்கள். "அந்தக் கடையில் எல்லாமே மலிவு" என்ற பேச்சு பத்துப் பதினைந்து பொருளில் பிறக்கிறது.

இது மட்டும் போதாது. 100 ரூபாய் முதல் போட்ட சரக்கு மாதம் ஒரு முறை விற்று, முறைக்கு 10 ரூபாய் கிடைத்தால் வருடத்துக்கு 120. அதே 100 ரூபாய் பத்து நாளைக்கு ஒரு முறை திரும்பி, முறைக்கு 5 ரூபாய் மட்டும் கிடைத்தாலும் வருடத்துக்கு 180. 2002-ல் மும்பை பவாயில் தொடங்கிய டி-மார்ட் பிழைப்பது இந்தக் கணக்கில்தான். அவர்கள் கடைக் கட்டடங்களைப் பெரும்பாலும் சொந்தமாகவே வாங்கிப் போடுகிறார்கள். கொள்முதல் பணத்தைச் சீக்கிரம் கொடுத்து விலையைக் குறைக்கிறார்கள். நாமோ ஏஜென்சிக்காரரிடம் தவணை கேட்கிறோம். வாடிக்கையாளருக்கு நோட்டில் எழுதுகிறோம்.

ஆனால் பெரிய கடை என்றால் விழாது என்று எண்ண வேண்டாம். 1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷாவை நினைவிருக்கும். 2008-க்குள் நாடு முழுக்கச் சுமார் 1,600 கிளைகள் ஆயின. கடன் வாங்கி வேகமாக விரித்தார்கள். கையில் ரொக்கம் வற்றியது. 2009 தொடக்கத்தில் கிளைகள் மூடிக் கிடந்தன. சம்பளம் நின்றது, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி நின்றது. நாளை நல்லபடி நடக்கும் என்று நம்பி வாங்கியதுதான் அங்கே நடந்தது. இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதை அடுத்துப் பாருங்கள்.

நான் 1983-லிருந்து கிரிக்கெட் பைத்தியம். அப்பா காலத்தில் கடை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. வானொலியில் கேட்ட ஸ்கோரை அதில் எழுதுவேன். சென்னை ஆட்டம் என்றால் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணிப்பதைக் கேட்கவே கூட்டம் நிற்கும். ஸ்கோர் பார்க்க வந்தவர் கால் கிலோ கடலையாவது வாங்காமல் போனதில்லை.

அந்தப் பைத்தியத்தில், கோவைக்குக் கிளம்புமுன் வழக்கமான குளிர்பானத்தோடு பன்னிரண்டு பெட்டி கூடுதலாக ஆர்டர் போட்டிருந்தேன். அதுவரை பத்து ஆட்டம் ஆடி பத்திலும் ஜெயித்த அணி! கோப்பை வந்தால் மறுநாளும் ஊர் கொண்டாடும் அல்லவா?

பெரிய கடையில் 1 மணிக்கு நிற்க இடமில்லை. நாங்கள் பில் போட்டு வெளியே வரும்போது 1.40, பின்னால் கல்லாக்கள் காலி. இந்தியா 240-க்கு ஆட்டமிழந்தது. இடைவேளையில் போடியிலிருந்து பையன் போன்: "அப்பா, தெருவே நம்ம கடையிலதான் நிக்குது. மிக்சர் தீர்ந்துடுச்சு." அந்த அரைமணி நேரத்தில் யாரும் வண்டி எடுத்துக்கொண்டு தள்ளுபடிக் கடைக்குப் போக மாட்டார்கள். விலையும் கேட்க மாட்டார்கள். அது தெருமுனைக் கடைக்கு உரிய வியாபாரம். அதற்கு வேண்டிய மிக்சரை நான் வாங்கவில்லை.

பிறகு டிராவிஸ் ஹெட் 137 அடித்தார். 6 விக்கெட்டில் தோல்வி. மறுநாள் கொண்டாட்டமும் இல்லை, கூட்டமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் போடியில் குளிர்பானம் யார் கேட்பார்? கடைசிப் பெட்டி தை பிறந்த பிறகு, காலாவதி தேதிக்குச் சில நாள் முன்னால், அடக்கத்துக்கே போனது.

அதன்பின் சில மாற்றங்கள் செய்தோம். பதினைந்து பொருளுக்கு விலைப்பலகை எழுதி வாசலில் வைத்தோம். சர்க்கரையையும் எண்ணெயையும் பக்கத்துக் கடைக்காரர்கள் மூவரோடு சேர்ந்து ரொக்கத்துக்கு எடுக்கிறோம். அடக்கம் இறங்கியது, பெரிய கடை விலைக்கு இன்னும் வரவில்லை. 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்ப வந்ததிலிருந்து, மதுரை விலையை வாடிக்கையாளரே வந்து சொல்கிறார், மறைத்துப் பயனில்லை. ஏலக்காயைத் தரம் எழுதி 25 கிராம் பாக்கெட் போடுகிறோம். ஆட்ட நாள் விற்பனைக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறோம். ஆர்டர் இனி அந்த நோட்டுப்படி.

2024 ஜூன் 29, பார்படாசில் டி-20 இறுதி ஆட்டம், நம் நேரம் இரவு 8 மணி. நோட்டைப் பார்த்து அளவாகத்தான் வாங்கினேன். 7 ரன்னில் இந்தியா ஜெயித்தது. நள்ளிரவு நெருங்கும் நேரம் பையன்கள் கொடியோடு வந்து குளிர்பானம் கேட்டார்கள். பெட்டி எல்லாம் காலி. என் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!