மகன் பேருக்கு எழுதிய வீடு: சட்டக் கல்லூரி உதவி மையத்தில் என்ன நடக்கும்?

"வீட்டை அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டேன் தம்பி. இப்போ ஒரு வேளை சோறு கூடப் போட மாட்டேங்குறான். இனிமே என்ன பண்ண முடியும்?"

இப்படி ஒரு பாட்டி சட்டக் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் இன்னும் கோட்டு போடாத இறுதியாண்டு மாணவர். 'இந்தப் பையனுக்கு என்ன தெரியும்?' என்று தோன்றலாம். ஆனால் இந்த மையம் மாணவர்கள் சும்மா ஆரம்பித்தது அல்ல. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இப்படி ஒரு மையத்தை நடத்த வேண்டும். மூத்த பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் இறுதியாண்டு மாணவர்கள் அங்கே வேலை செய்வார்கள்.

மாணவர் முதலில் செய்ய வேண்டியது சட்டம் பேசுவது அல்ல, கேட்பது. பாட்டி மருமகளில் ஆரம்பித்து, பேரன் கல்யாணத்துக்குப் போய், திரும்ப பத்திரத்துக்கு வருவார். வரட்டும். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, பிறகு தேதிவாரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பத்திரம் எப்போது பதிவானது, மகன் எப்போதிலிருந்து கவனிக்கவில்லை, யாரிடமெல்லாம் முறையிட்டார் என்று ஒரே பக்கத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்னைக் கேட்டால், சட்டப் புத்தகத்தைவிட இந்தப் பழக்கம்தான் மாணவருக்குக் கிடைக்கும் பெரிய பாடம்.

அடுத்தது பத்திரம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம், 2007-ன் 23ஆவது பிரிவு இங்கே முக்கியம். தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயது நிரம்பியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

சிக்கல் 'நிபந்தனை' என்ற வார்த்தையில் இருக்கிறது. அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இந்தச் சட்டத்தை முதியோருக்குப் பயன்படும்படி தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்தத் தாய் தானப் பத்திரத்தோடு, கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்த தனி உறுதிமொழித் தாளையும் காட்டினார். தானப் பத்திரம் ரத்தானது. அதனால் மாணவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "பாட்டி, பத்திரத்தைத் தவிர வேற ஏதாவது பேப்பர்ல உங்க பையன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா?" பீரோவில் துணிக்கு அடியில் மடித்து வைத்த தாள் ஒன்று வீட்டையே மீட்டுத் தரலாம்.

பத்திரம் ரத்தாகாவிட்டாலும் பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை போய்விடாது. தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. தலைமையில் இயங்குகிறது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புக்கு உத்தரவிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன 90 நாளுக்குள் பராமரிப்பு மனுவை முடிக்க வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் 30 நாள். உத்தரவு திருப்தி இல்லையென்றால் பெற்றோர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்கிறது 17ஆவது பிரிவு. நீதிமன்றங்களில் இதற்கு மாற்றுக் கருத்தும் வந்திருக்கிறது. எப்படியானாலும், பாட்டி தனியாகப் போய் நிற்க நேர்ந்தால் அவருக்காகப் பேசப்போவது அந்த மனுதான். அதைத் தெளிவாக எழுதி, பேராசிரியரிடம் காட்டித் திருத்தி, பாட்டிக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

மாணவர் செய்யக்கூடாததும் உண்டு. வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை அவர் யாருக்காகவும் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. "கண்டிப்பா ஜெயிச்சிடலாம்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பணம் வாங்கக் கூடாது, டீச் செலவுக்குக் கூட. நீதிமன்றம் போக வேண்டிய விஷயமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பி வைப்பார். அங்கே பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் வருமான வரம்பு இல்லாமலேயே இலவச வழக்கறிஞர் கேட்கலாம். இது சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன் 12ஆவது பிரிவு தரும் உரிமை.

மையத்துக்குப் போகும்முன் உங்கள் போனிலேயே சில வேலைகளை முடிக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மகன் வீட்டை ஏற்கெனவே வேறு யாருக்காவது விற்றுவிட்டாரா என்பது அதில் தெரியும். பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும், முத்திரைத்தாளின் பின்பக்கம் உட்பட, போட்டோ எடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காதீர்கள். நீதிமன்றம் வரை போனால் 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும், அதனால் அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள்.

பக்கத்தில் சட்டக் கல்லூரி இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லா உதவி எண். பாட்டிக்கு போன் பேசத் தயக்கமென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் போட்டுக் கொடுத்தாலும் போதும்.