சிறைக்கதவு திறக்கலாமா?

குற்றம் செய்தவரைச் சிறையில் அடைப்பதே நீதி என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் சிறைத்தண்டனையையே ஒழித்துவிட வேண்டும் என்று வாதிடுவோரும் உலகில் உளர். எது அறம்? சற்றே சிந்திப்போம்.

முற்காலத்தில் சிறை என்பது பெரும்பாலும் விசாரணை முடியும்வரை காவலில் வைக்கும் இடமாகவே இருந்தது. தண்டனை என்றால் கசையடி அல்லது தூக்கு. 'குற்றவாளி தனிமையில் மனம் வருந்தித் திருந்தட்டும்' என்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து நல்லோர் விரும்பினர். 1829ஆம் ஆண்டு அங்கே பெரிய சிறை ஒன்று திறக்கப்பட்டது. ஆளுக்கோர் அறை, கையில் வேதாகமம், பேசவோ ஒருவரும் இல்லை. 1842இல் அதைப் பார்வையிட்ட எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதினும் உள்ளத்தை வதைக்கும் அத்தனிமை கொடியது என்று கண்டித்தார். இரக்கத்தில் பிறந்த சிறையே கொடுமையாக மாறிவிட்டது!

அப்படியானால் சிறையே வேண்டாமா? உறவைப் பறிகொடுத்தவரின் கண்ணீருக்கு என்ன பதில்? மீண்டும் தீங்கு செய்யக்கூடியவரிடமிருந்து எளியோரைக் காப்பது யார்? இக்கேள்விகளை நாம் ஒதுக்கிவிட முடியாது.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி நம் நாட்டிலேயே உண்டு. ராஜஸ்தானில், ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் 1963இல் திறந்தவெளிச் சிறை தொடங்கப்பட்டது. தண்டனையின் ஒரு பகுதியை மூடிய சிறையில் நன்னடத்தையுடன் கழித்தவர்களே அங்கு அனுப்பப்பட்டனர். கொலை செய்து ஆயுள் தண்டனை பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். குடும்பத்தோடு வாழ்ந்து, பகலில் வெளியே சென்று உழைத்து, மாலையில் தாமே திரும்பி வந்தனர். மதில் செய்யாததை நம்பிக்கை செய்தது எனலாம்.

மற்றொன்றையும் நாம் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுடைய குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஜாமீன் கட்ட வழியின்றி உள்ளே வாடும் ஏழைகளும் இவர்களுள் உண்டு. வறுமைக்குச் சிறை என்றால் அது நீதியாகுமா?

ஆகவே, சிறையை இன்றே இடித்துவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. பிறருக்கு ஆபத்தானவரைத் தடுத்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் சிறை முதல் மருந்தாக இல்லாமல் கடைசி மருந்தாக இருக்கட்டும். குற்றத்தை வெறுப்போம், குற்றவாளியும் மனிதரே என்பதை மறவாதிருப்போமாக!