மழைக்கு முன் சுவரின் துளையைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது. நீலகிரியின் கிழக்குச் சரிவில், குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் இருப்பவர்கள் பயப்பட வேண்டிய மழை இதுதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தார்கள்.

இந்த வாரமே வீட்டுக்குப் பின்னால் போய்த் தடுப்புச் சுவரைப் பாருங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிளாஸ்டிக் குழாய் செருகிய துளைகள் இருக்கும். பெரும்பாலும் மண்ணும் வேரும் அடைத்துக் கிடக்கும். நீளக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். மழை விட்ட மறுநாள் சுவர் ஈரமாக இருந்தும் துளை காய்ந்திருந்தால், தண்ணீர் உள்ளேயே தேங்குகிறது என்று பொருள். அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான் சுவரைத் தள்ளும். தடிமனாகக் கட்டிய சுவரும் தாங்காமல் போகலாம். துளையே இல்லாத சுவர், வயிறு தள்ளிய சுவர் என்றால் நீங்களாகத் துளை போட வேண்டாம், பொறியாளரை அழையுங்கள். அதுவரை அதை ஒட்டிய அறையில் யாரும் படுக்கக் கூடாது.

கம்பிவலைக்குள் கல் அடுக்கிய கேபியன் சுவர் வைத்திருப்பவர்கள் அழகுக்காக அதன்மேல் சிமென்ட் பூசிவிடாதீர்கள். கல் இடுக்கு வழியே தண்ணீர் வெளியேறுவதுதான் அதன் பலமே.

சரிவுக்கு மேலே உள்ள வாய்க்காலில் தேயிலைக் கவாத்துக் குச்சியும் குப்பையும் சேர்ந்திருக்கும். வாரிப் போடுங்கள். வாய்க்கால் ஓடையில் போய் முடிய வேண்டும், பக்கத்து வீட்டுச் சரிவில் அல்ல. மேல்மண்ணில் வெடிப்பு இருந்தால் களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போடுங்கள். ஜனவரி வரை ஜே.சி.பி. வைத்துச் சரிவை வெட்டவே வேண்டாம்.

மலைப்பாதையில் பாறைக்குப் போட்ட இரும்பு வலையின் அடியில் கற்கள் சேர்ந்து தொங்கினால் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லுங்கள். நிரம்பிய வலை அடுத்த கல்லைத் தாங்காது. அதன் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள்.

கதவு திடீரென்று இறுகினாலும், மரமோ மின்கம்பமோ சாய்ந்தாலும், ஓடைத் தண்ணீர் சட்டென்று கலங்கினாலும் குறைந்தாலும், சாமான் எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். சேறு வரும் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேடு பார்த்து ஏறுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கும் குரல் கொடுத்துவிடுங்கள்.