எந்தத் தலைவலிக்குக் காத்திருக்கக் கூடாது?

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் நின்று பாருங்கள். "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்கண்ணே" என்று வாங்கி, டீயோடு விழுங்கிவிட்டு எஸ்டேட் பக்கம் நடக்கிறவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் ஆபத்தான அந்தச் சில தலைவலிகளை அடையாளம் காண நாம் வைத்திருக்கும் அளவுகோல்கள்தான் தப்பு.

"வலி தாங்க முடியலைன்னாதான் பயப்படணும்."

இல்லை. மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் சுருண்டு கிடப்பார். மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். மூளையுறைக்கு அடியில் மெல்லக் கசியும் ரத்தமோ, தாங்கக்கூடிய வலியாகவே வாரக்கணக்கில் தொடரும். கோவை ஈஷா மையத்தின் ஜக்கி வாசுதேவுக்கு 2024-இல் நடந்தது இதுதான். நான்கு வாரமாகத் தலைவலி. அந்த வலியோடே மகா சிவராத்திரி இரவு நிகழ்ச்சியை நடத்தினார். மார்ச் 17 அன்று டெல்லி அப்போலோவில் அவசர அறுவை சிகிச்சை செய்து, மண்டைக்குள் தேங்கிய ரத்தத்தை அகற்றினார்கள். வயதானவர்களுக்கு இது வரக் குளியலறையில் லேசாக வழுக்கித் தலை இடித்தாலே போதும், அதுவும் இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர் என்றால். அடிபட்டதையே மறந்துபோன பிறகு தலைவலி, தள்ளாட்டம், பகல் தூக்கம் என்று தொடங்கும். "வயசாயிடுச்சு இல்ல" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

வலியின் கடுமையைவிட, அது வந்த வேகத்தைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி, தலையில் இடி விழுந்த மாதிரி வருவது, மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக இருக்கலாம். முதல் 6 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்தால் அந்தக் கசிவு ஏறக்குறைய தப்பாமல் தெரிந்துவிடும். நேரம் போகப் போக ஸ்கேனில் மறையத் தொடங்கும். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டிவரும். "காலையில பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் இரவுக்கு விலை அதிகம்.

"இது சைனஸ்தான், நீர் கோத்துக்கிச்சு."

தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிய சுமார் 3,000 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. நொச்சி ஆவி பிடிப்பது இதமாக இருக்கும்; நோய் என்னவோ வேறு.

"மாத்திரை போட்டா சரியாப் போகுது, அப்புறம் என்ன?"

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

என்னை அதிகம் வருத்துவது பிள்ளை பெற்ற வீடுகளில் நடப்பது. "பச்சை உடம்பு, தண்ணி கொடுக்காதே, வயிறு பெருத்துடும்" என்று சித்திரை வெயிலிலும் நாக்கை நனைக்க மட்டும் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கு ரத்தம் எளிதில் உறையும். உடலில் நீரும் வற்றினால் மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளில் கட்டி அடைத்துக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. தலைவலி நாளுக்கு நாள் ஏறும், வாந்தி வரும், பார்வை மங்கும். பிறகு வலிப்பு. அதை ஜன்னி என்று சொல்லி, வேப்பிலை அடிக்க ஆள் தேடும்போது நேரம் போய்விடுகிறது.

சிசேரியன் ஆனவர் என்றால், "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்" என்று சமாதானம் சொல்வார்கள். அந்த ஊசியால் வரும் தலைவலி உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். படுத்தால் கூடுகிறது, இருமினால் மண்டை பிளக்கிறது என்று அந்தப் பெண் சொன்னால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சாதாரண சி.டி.யில் இந்த அடைப்பு தெரியாமல் போகலாம்; சிரைகளைத் தனியாகக் காட்டும் எம்.ஆர். ஸ்கேன் வேண்டும். சரியான நேரத்தில் ஹெப்பாரின் தொடங்கினால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். ரத்த அழுத்தத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியிலும் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரையிலும் அழுத்தம் ஏறினால் அதுவே வலிப்பில் கொண்டுபோய் விடலாம். அவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுங்கள், அத்தையே சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

ஐம்பது வயதுக்குப் பின் முதல்முறையாகத் தலைவலி வந்து, பொட்டில் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடையும் நொந்தால் தாமதிக்காதீர்கள். சிகிச்சை தள்ளிப்போனால் பார்வையே போய்விடக்கூடும். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், ஒரு கை வலுவிழந்தாலும், பேச்சுக் குழறினாலும் 108-ஐ அழையுங்கள். ஆவடி, பூந்தமல்லியிலிருந்து போக வேண்டிய பெரிய அரசு மருத்துவமனைகள் இரண்டும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே இருக்கின்றன: கீழ்ப்பாக்கத்தில் ஒன்று, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி மருத்துவமனை. 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியது இந்த இரண்டாவது இடத்தில்தான். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துப் போங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரமானது, வழக்கமான தலைவலியிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.