ஹஜ் பயணமும் கட்டுச்சோறும்



யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சோறு இல்லாமலே ஹஜ்ஜுக்குப் புறப்படுவார்கள். கேட்டால் தவக்குல் என்பார்கள். மக்கா வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். அல்பகரா 197ஆம் வசனம் இவர்கள் விஷயத்தில் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. ஆகவே பெட்டி கட்டுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

நேராக ஜித்தா செல்வோர் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் இறங்கிய பிறகே கைக்கு வரும். அதற்குள் விமானம் மீகாத் எல்லையைத் தாண்டியிருக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் மருத்துவர் சீட்டோடு அதிலேயே இருக்கட்டும். வாசனையில்லாத சோப்பு, காலுக்குப் பழகிய செருப்பு. ஊறுகாய் பாட்டிலை நான் சொல்லவேண்டியதில்லை, அதை யாரும் மறப்பதில்லை.

மறப்பது கடனை. தங்கைக்குச் சேரவேண்டிய வாரிசுப் பங்கைக் கொடுக்காமல், அந்தப் பணத்திலா ஹஜ்ஜுக்குப் போவது? விருந்து வைத்து, எல்லாரிடமும் பொதுவாக மன்னிப்புக் கேட்கிறோம். கடன் கொடுத்தவரும் வந்து, சாப்பிட்டுவிட்டு, வாய் திறக்காமல் போகிறார். அவரைத் தனியே போய்ப் பாருங்கள். இப்போது தீர்க்க முடியாத பாக்கியை இரண்டு சாட்சிகளோடு வஸிய்யத்தாக எழுதி, வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.